மீன் தங்காத கிணறு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பிறந்த வீட்டில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்றார்கள். புகுந்த வீட்டில் அதையே கொஞ்சம் மரியாதையைக் குறைத்துச் சொன்னார்கள். சோற்றில் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பேன். அங்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்க்காவிட்டால் கவளம் தொண்டையில் இறங்காது. இந்தக் கால்களால் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, என்னை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்த சமயத்தில், எனக்குத் துணை நின்றவை இந்தக் கால்கள்தாம்.

நான் வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரத்தில், பட்டுக்குச் சாயம் போடும் வீட்டில். தெருவில் மற்ற வீடுகளில் தறிச் சத்தம். எங்கள் வீட்டில் தறி கிடையாது. நெய்கிறவர்கள் பட்டு நூலைக் கழிகளாக முறுக்கிக் கொண்டுவந்து போடுவார்கள். மாமனாரும் என் வீட்டுக்காரரும் அவற்றை வேகவதிக் கரையிலிருந்த பட்டறைக்கு எடுத்துப் போய், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் திருப்பிக் கொடுப்பார்கள். சீமையிலிருந்து தகர டப்பாவில் சாயப்பொடி வரத் தொடங்கியிருந்த காலம் அது. பொடி வந்தாலும் வராவிட்டாலும், படிகாரத் தண்ணீரில் ஊறாத பட்டு எங்கள் கொப்பரைக்குள் இறங்காது. படிகாரம் ஏறினால்தான் சாயம் பட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது மாமனாரின் வேதம்.

அந்தப் படிகாரத்தை நிறுத்துப் போட அவரிடம் தராசு இல்லை. தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "இன்னும் ஒரு கை போடு" என்றோ, "போதும்பா, எறக்கு" என்றோ சொல்வார். அவ்வளவுதான். அந்த நாக்குக்கு ஊரில் அப்படியொரு பெயர். கல்யாணப் புடவைக்கு அரக்குச் சிவப்பு வேண்டுமென்றால் சின்ன காஞ்சிபுரத்திலிருந்துகூட எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். என் வீட்டுக்காரரும் அதே நாக்குப் பழக்கத்தில் வளர்ந்தவர். மாமியார் பட்டறைக்குப் போய்ப் போய்க் கழி பிழிந்தவர். அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. காலை முதல் சாயங்காலம்வரை அந்த வீட்டில் எல்லோரும் படிகாரத்தைத்தான் தின்றார்கள் என்று நான் கேலியாக நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குத்தான் போகவேண்டும். ஆறு என்று பெயரே தவிர, மழைக்காலம் போனால் வேகவதி ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்துவிடும். மேல்பக்கம் எருமைகள் படுத்துக் கலக்கும். பாசி படர்ந்து, கோரை முளைத்து, தவளை கத்திக்கொண்டிருக்கும். எங்கள் பட்டறையைத் தாண்டியதும் கதையே வேறு. அங்கே ஒரு மடு. அடியில் கிடக்கும் மணலை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பாசி இல்லை, புழு இல்லை, பூச்சி இல்லை. குடத்தை முக்கினால் தூசிகூட ஏறாது. தெருவே அந்த மடுவுக்குத்தான் வரும். தன் பட்டறைக்குப் பக்கத்தில் இப்படியொரு தண்ணீர் இருப்பதில் மாமனாருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

அந்தப் பெருமையில்தான், தெருவுக்கு ஒரு தருமமாக இருக்கட்டும் என்று மடுவை ஒட்டியே கிணறு வெட்டினார். ஆற்று மணல்தானே, சீக்கிரமே ஊற்று வந்துவிட்டது. முதல் தண்ணீரை லோட்டாவில் எடுத்து அவர் குடித்தார். வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"எளநீ மாதிரி இருக்குதுபா," என்றார்.

மாமியார் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். பிறகு என் கைக்கு லோட்டா வந்தது. நான் ஓரிக்கையில் பிறந்தவள். பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். மடுத் தண்ணீரில் எப்போதாவது லேசாகத் தட்டியதுண்டு; இந்தத் தண்ணீரோ தொண்டைக்குள் போவதற்கு முன்பே நெல்லிக்காய் கடித்ததுபோல் வாய் சுருங்கியது.

"துவர்க்குதே," என்றேன்.

"மசக்கை வாயி," என்றார் மாமியார். "அதுக்குத் தேனைக் குடுத்தாலும் கசக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மசக்கை உண்மைதான். அதற்கு முந்தைய வருஷம் எனக்கு உண்டான கரு தங்கவில்லை. இந்த முறை தங்கவேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரின் ருசியைப் பற்றி வம்பு பண்ணுகிற நேரமில்லை என்று நானும் சிரித்துவைத்தேன்.

புதுக் கிணறு வெட்டினால் எங்கள் பக்கத்தில் பூசை போட்டுவிட்டு மீன் விடுவார்கள். கெண்டைக் குஞ்சுகளை விட்டால் அவை புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். அவை கிணற்றில் தங்கிவிட்ட பிறகுதான் தெரு தண்ணீர் சேந்தும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் கையால் விட்டால் ஊற்று வற்றாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். ஓரிக்கை ஊற்றுக்காலிலிருந்து என் அண்ணன் ஒரு பானையில் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். தை மாதம், நல்ல நாள். குருக்கள் வந்தார், கற்பூரம் காட்டினார். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் மஞ்சள் பூசிய கையால் பானையைச் சாய்த்தேன். மீன்கள் சறுக்கிக்கொண்டு விழுந்து மறைந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்த காரியம் அந்த வீட்டில் அதுதான் முதல்.

மறுநாள் காலையில் தண்ணீர் சேந்தப் போனவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள். நான் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். அத்தனை மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

கிணற்றை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இளநீர் மாதிரித் தண்ணீர். பெரியவர் வெட்டிய கிணறு. அதில் என்ன குற்றம் இருக்க முடியும்? குற்றம் மீனை விட்ட கையில்தான் இருக்கவேண்டும். போன வருஷம் கரு தங்காத கை. குருக்களை மறுபடியும் வரவழைத்துத் தீட்டுக் கழித்தார்கள். செத்த மீன்களை எடுத்துப் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே எல்லோரும் அதே தண்ணீரைச் சேந்திக் குடித்தார்கள். என்னை மட்டும் குடத்தைத் தொடாதே என்றார்கள். பிறகு கழியைத் தொடாதே என்றார்கள். அப்புறம் பட்டறைப் பக்கமே போகாதே என்றார்கள்.

மாமியாரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பயம். கச்சபேசுவரர் கோயிலுக்கும் குமரகோட்டத்துக்கும் மாற்றி மாற்றி நடந்து என் வயிற்றுக்காக வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்க்கமாட்டார். கடைசியில் ஒருநாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பங்குனி உத்திரம் முடிஞ்சதும் உங்க ஊட்டுக்குப் போயிடு. வளையல் போடறதெல்லாம் வாணாம். புள்ள நல்லபடியாப் பொறந்தா அப்பால பாத்துக்கலாம்."

பிறக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஊரில் இப்படிப் போனவர்கள் திரும்பி வராததை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அந்த நேரம் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் அம்மா பேசும்போது அவருக்கு எப்போதும் சுவரில் ஏதோ ஒன்று பார்க்கக் கிடைத்துவிடும்.

வேலை செய்யாதே என்று சொல்லிவிட்டால் என்னைப் போன்றவள் என்ன செய்வாள்? வீட்டுக்குள் நடந்தேன். கூடத்திலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து கூடத்துக்கு. தறி ஓடுகிற தெருவில், இழைக்குள் போய்ப் போய் வரும் நாடா நான்தானா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அந்தக் கேலிக்குப் பிறகு வெளியே நடக்கத் தொடங்கினேன். பிள்ளைத்தாய்ச்சி நடந்தால் நல்லதுதானே என்று யாரும் தடுக்கவில்லை. எதிரில் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். ஆற்றங்கரையோடு மேல்பக்கமாகவே போய்க்கொண்டிருப்பேன். ஒருநாள் கால் போன போக்கில் திருப்பருத்திக்குன்றம்வரை போய்விட்டேன்.

அங்கே கரையில் ஜைனரான ஒரு நயினார் வீட்டு அம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதன் வழியாகத் தண்ணீரை ஊற்றினார். ஜைனர்கள் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது அடுத்து நடந்தது. குடம் நிறைந்ததும் துணியை அவிழ்த்தார், உதறவில்லை. ஆற்றில் இறங்கி, துணியைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசினார்.

"இது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"துணியில உசுருங்க ஒட்டிக்கினு இருக்குதே," என்றார். "அதுங்க ஊடு இங்கதானே. கரையில போட்டாச் செத்துப்பூடும்."

துணியில் இன்னும் அலசாத பாதியை என்னிடம் காட்டினார். வெறும் அழுக்கு என்று நான் நினைத்தது அசைந்துகொண்டிருந்தது. மிளகைவிடச் சின்ன நத்தை. கண்ணாடிபோல் உடம்பு தெரிகிற இறால் குஞ்சு. சிறகு முளைக்காத தட்டான். வாலை ஆட்டிக்கொண்டு ஒரு தலைப்பிரட்டை. அந்த அம்மாள் அவற்றையும் அலசி விட்டுவிட்டு, இடுப்பில் குடத்தோடு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். எங்கள் மடுவில் இந்தத் துணியைக் கட்டினால் என்ன ஒட்டும் என்ற ஒரே கேள்வி தலைக்குள் குடைந்தது. அதன்பிறகு நான் வீட்டுக்கு நடந்ததை நடை என்று சொல்லமுடியாது.

வீட்டுக்காரரின் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்துக்கொண்டேன். மறுநாள் முதல் அதையும் ஒரு சின்னச் சட்டியையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேலிருந்து கீழாக வந்தேன். கோரை முளைத்த இடத்தில் துணி நிறைய உயிர். எருமை படுக்கும் குட்டையில் நத்தையும் இறாலும் இல்லை. சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. அசிங்கமான தண்ணீர்தான், ஆனால் அதிலும் ஏதோ பிழைத்துக்கொண்டிருந்தது. துணி வெளுக்கும் துறையில் இன்னும் குறைவு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஆறு மணலில் ஓடியதும் மறுபடியும் நத்தை, மறுபடியும் நீரின்மேல் ஓடும் பூச்சி. எங்கள் பட்டறைக்குச் சற்று மேலே, கல்லைப் புரட்டினால் அயிரை மீன் ஓடி ஒளிந்தது.

பட்டறையைத் தாண்டி மடுவில் துணியைக் கட்டினேன். சட்டி சட்டியாக ஊற்றினேன். துணி வெளுத்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. ஒரு புள்ளி இல்லை. தண்ணீர் சுத்தம் என்று தெருவே எதைச் சொன்னதோ, அது இதுதான். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இருக்க முடியவில்லை. அவ்வளவு வெள்ளையான துணியைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

இன்னும் கீழே, சின்ன காஞ்சிபுரத்தை நெருங்க நெருங்க, முதலில் சிவப்புப் புழு வந்தது; பிறகு நத்தை வந்தது. ஆக, ஆறு சாகவில்லை. எங்கள் பட்டறையிலிருந்து கீழே கொஞ்ச தூரம்வரை மட்டும்தான் செத்திருந்தது.

காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. சாயம் போட்டு மீந்த வண்ணத் தண்ணீரை எங்கள் வீட்டார் ஆற்றில் விடமாட்டார்கள். விட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். குருக்கள் தெருவிலிருந்து சண்டைக்கு ஆள் வந்துவிடும். அதைச் சுமந்துபோய் மேட்டுப் பள்ளத்தில் கொட்டுவார்கள். படிகாரத் தண்ணீருக்கு நிறம் இல்லை. அதைப் பின்பக்கக் கால்வாயில் சாய்த்துவிடுவார்கள். அது வழிந்து மடுவில் சேரும். எந்த வீட்டிலும் கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றினால் சேறு அடியில் படிந்து தெளிந்துவிடும். எங்கள் மடு தெளிந்திருந்ததும் அப்படித்தான். கால்வாய் வாயில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். கிணற்றுத் தண்ணீரின் அதே துவர்ப்பு, இன்னும் கடுமையாக.

என் கையில் குற்றம் இல்லை. இது புரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். தெருவில் ஓடிக் கத்தவேண்டும்போல் இருந்தது. பட்டறை வாசலைத் தாண்டும்போது சந்தோஷம் சுருங்கியது. உள்ளே மாமனார் தொட்டியருகில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார், விரல் நாக்கில். நான் வாயைத் திறந்தால் அவர் தருமம் போகும், பெயர் போகும், பட்டறைகூடப் போகலாம். வாயைத் திறக்காவிட்டால் நான் போகவேண்டும். திறந்தாலும் எதிர்த்துப் பேசியவள் என்று அனுப்பிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஓரிக்கைதான்.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கெணத்துத் தண்ணியில படிகாரம் இருந்தா எங்கப்பா நாக்குக்குத் தெரியாதா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஊரே அதைத்தான் சொல்லும்.

வேறு ஒருத்தியை மீன் விடச் சொன்னால் என்ன என்றும் யோசித்தேன். தெருக்கோடியில் ஒரு கைராசிக்காரி இருந்தாள். பெற்ற பிள்ளைகள் எல்லாம் பிழைத்தவள். எந்தக் கல்யாணத்திலும் முதல் மஞ்சள் அவள் இடிப்பாள். அவள் விட்டாலும் மீன் சாகும். என் பழி கழியும். ஆனால் கழிந்து எங்கே போகும்? அவள் தலையில்தான் இறங்கும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பங்குனி உத்திரமும் முடிந்தது. மறுநாள் காலையில் வண்டி வரும் என்றார்கள். அன்று சாயங்காலம் நான் மாமனார் எதிரில் போய் நின்றேன். அதற்குமுன் அவரோடு நேருக்கு நேர் நான் பேசியதே கிடையாது. புதுப் பானைகள் இரண்டைக் கிணற்றடியில் வைத்திருந்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் பட்டறைக்கு மேலே, ஆற்றில் எடுத்த தண்ணீர். சட்டியில், அதே மேல்பக்கத்தில் நானே துணியால் கோலிய அயிரைகள்.

"மாமா, உங்க எதிர்லயே ரெண்டு பானைலயும் மீன் உடறேன். காலையில நீங்க பாருங்க. அப்பால நான் வண்டி ஏறிக்கிறேன்," என்றேன்.

"இன்னாத்துக்கும்மா இது?" என்றார்.

"எனக்காக," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமியார் வேண்டாம் என்று சைகை காட்டினார். அவர் கவனிக்கவில்லை. நான் மீன்களைப் பிரித்து விட்டதும், அவரே பானைகளின் வாயில் துணியைப் போட்டு, பட்டு நூலால் கட்டினார். கழியைக் கட்டும்போது அவர் போடும் முடிச்சு ஒன்று உண்டு. வேறு யாருக்கும் அது வராது. அந்த முடிச்சைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அன்று தூக்கம் எங்கிருந்து வரும்.

காலையில் வண்டி வந்து நின்றது. என்னை வழியனுப்ப என்று தெருப் பெண்கள் வந்தார்கள். பானைச் செய்தியும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மாமனார் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். அவிழ்த்தார். ஆற்றுத் தண்ணீர்ப் பானையில் அயிரைகள் அடியில் சுற்றிக்கொண்டிருந்தன. கிணற்றுத் தண்ணீர்ப் பானையில் எல்லாம் மல்லாந்து கிடந்தன.

மாமியார் குனிந்து ஒரு பானையைப் பார்த்தார், பிறகு மற்றதைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் இவதானே உட்டா," என்றார் மெதுவாக.

மாமனார் லோட்டா கொண்டுவரச் சொன்னார். மேல்பக்கத் தண்ணீரைப் புதிதாக எடுத்துவரச் சொல்லி ஒரு வாய் குடித்தார். கிணற்றிலிருந்து சேந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மறுபடியும் அதைக் குடித்தார், இதைக் குடித்தார். கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் முகத்தில் ஏதோ இறங்கிப் போனதை நான் பார்த்தேன். படிகாரத்தைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போன நாக்கு அது. எந்த நாக்கை நம்பித் தெரு குடித்ததோ, அந்த நாக்குக்குத் துவர்ப்பு தெரிந்து எத்தனை காலம் ஆயிற்றோ. அவர் குரலில் இருந்தது கோபமில்லை. திண்டாட்டம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். "எனக்கு மொத நாளே துவர்த்துச்சு மாமா. நீங்க தருமம் பண்ணியிருக்கீங்க. எப்படிச் சொல்றது?" இன்னொருத்தி, பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத் துப்புகின்றன என்றாள். கைராசிக்காரி, தான் சமையலுக்கு மட்டும்தான் அதை எடுப்பதாகச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை பேர் நாக்கிலும் அது துவர்த்திருக்கிறது. துவர்த்ததை விழுங்கிக்கொண்டு, என் கையைப் பழிக்கும்போது கூட நின்று தலையாட்டியிருக்கிறார்கள். பாவம் பார்த்த மனசே அடுத்த கணம் அவர்கள் அத்தனை பேரையும் வண்டியில் ஏற்றி ஓரிக்கைக்கு அனுப்பத் துடித்தது.

வண்டி வெறும் வண்டியாகத் திரும்பியது. மாமனார் அன்றே கருவேல முள்ளை வெட்டிக் கிணற்று வாயில் போட்டு மூடினார். தெரு மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தது, இந்த முறை பட்டறைக்கு மேலே. அவர் கால்வாயைத் தூர்த்தார். மேட்டில் ஆழமாக ஒரு குழி வெட்டி, படிகாரத் தண்ணீரை அதில் விட்டுச் சுண்ணாம்பு போட்டுக் காயவைத்தார். கடைத்தெருவுக்குப் போய் ஒரு தராசு வாங்கி வந்தார். பட்டறைக்குள் அவர் தராசைப் பிடித்து நின்றதை முதலில் பார்த்தபோது எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். எனக்கு வளையல் போட்டார்கள். முறைப்படி தாய்வீடு போனேன். ஆவணியில் பெண் பிறந்தாள். எல்லாம் நடந்தது. ஆனால் உன் கையில் குற்றமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை வராதது எனக்கு முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் ஆறு பெருகி ஓடி, கார்த்திகையில் அடங்கியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மறுபடியும் துணியோடு கிளம்பினேன். இப்போது மறைக்கவில்லை. மடுவில் முதலில் பாசி வந்தது. தண்ணீர் கெட்டுப்போச்சு என்று தெரு வருத்தப்பட்டது. நான் சிரித்தேன். பிறகு நீர்மேல் ஓடும் பூச்சி. பிறகு தவளை முட்டை. மிளகு நத்தை ஒன்று துணியில் ஒட்டிய அன்று, அதை அலசி விடுவதற்குமுன் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இந்த ஓட்டம்," என்றார். ஆனால் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

தையில் முள்ளை எடுத்துக் கிணற்றை இறைத்தார்கள், பலமுறை. மீன் விடும் நாளன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் வரமாட்டேன் என்றேன். போன வருஷம் பட்டது போதும். மாமனாரே வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு எப்படி மறுப்பது? போனேன். தெருவே கூடியிருந்தது. அவர் புதுத் தண்ணீரை லோட்டாவில் சேந்தினார். வழக்கப்படி அவர்தானே முதலில் குடிக்கவேண்டும். லோட்டாவை என்னிடம் நீட்டினார்.

"நீ குடிச்சிட்டு சொல்லும்மா. எனக்குத் தெரியாது," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

குடித்தேன். மறுபடியும் குடித்தேன். "துவர்ப்பு இல்ல மாமா," என்றேன். அதன்பிறகுதான் அவர் குடித்தார். நான் பானையைச் சாய்த்தேன். மீன்கள் விழுந்து மறைந்தன. இந்த முறை பெண்கள் குலவையிடவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள் போலிருக்கிறது.

விடிந்தும் விடியாமலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் மாமனார் அங்கே இருந்தார். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டும் அவர் தலையைத் திருப்பவில்லை.

"கீழ ஓடுது பாரும்மா," என்றார். "அன்னிக்கும் நீ சரியாத்தான் உட்ட."

நான் எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அவள் குடித்து முடித்துத் தூங்கிய பிறகும், வெயில் ஏறித் தெருப் பெண்கள் குடங்களோடு வந்த பிறகும், எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.